போர்க்களமும் வெள்ளித்திரையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐயா, பண்டைக்காலப் போர்ப் படம் எதை எடுத்தாலும் இரண்டு படைகளும் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்து நடுவில் மோதுகின்றன. அடுத்த நொடியே வரிசை கலைந்து, ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகச் சண்டை போடுகிறார்கள். உண்மையிலேயே இப்படித்தான் போரிட்டார்களா? — ஒரு கல்லூரி மாணவி

இல்லை. இந்தப் படங்களில் எனக்கு மிகுந்த மனவருத்தம் தரும் இடமே இதுதான். தலைக்கவசத்தின் வடிவம் தவறினால் பொறுத்துக்கொள்ளலாம். வரிசை கலைந்த சண்டையைப் போர் என்று காட்டினால், அந்த மனிதர்கள் எதை நம்பிக் களத்தில் நின்றார்கள் என்பதே மறைந்துபோகிறது.

கி.மு. 48இல் கிரேக்க மண்ணில், பார்சாலஸ் என்ற இடத்தில், சீசரின் படையும் பாம்பியின் படையும் எதிரெதிரே நின்றன. இரு பக்கமும் ரோமானியர்களே. பாம்பி தன் காலாட்படையை அசையாமல் நிற்கச் சொல்லியிருந்தார். எதிரி இரட்டிப்புத் தூரம் ஓடிவந்து களைத்துப்போகட்டும் என்பது அவர் கணக்கு. சீசரின் வீரர்கள் எறியீட்டிகளோடு ஓடத் தொடங்கினார்கள். எதிர்வரிசை நகரவில்லை என்பதைக் கண்டதும், யாரும் ஆணையிடாமலே, ஏறக்குறைய பாதித் தூரத்தில் நின்றுவிட்டார்கள். மூச்சு நிலைக்கு வரும்வரை சற்று நேரம் நின்று, மறுபடி முன்னேறி, ஈட்டிகளை எறிந்து, அதன் பிறகே வாளை உருவினார்கள். இதை எழுதிவைத்திருப்பவர் சீசரேதான்.

ரோமின் தலைவிதி முடிவாகும் நாள் அது. எதிரியின் கண்ணெதிரே, திறந்த வெளியில், மூச்சு வாங்குவதற்காக ஆயிரக்கணக்கானோர் சொல்லிவைத்தாற்போல நிற்கிறார்கள். பல போர்களைக் கண்ட படைக்கு மட்டுமே அந்த நிதானம் வரும். ஓடிவந்து மோதும் ஆயிரம் காட்சிகளை எடுத்துவிட்டார்கள். நடுவழியில் நின்ற இந்தக் காட்சியை ஒருவராவது எடுத்திருந்தால் நான் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்திருப்பேன்.

கிரேக்கர்களின் கதையும் இப்படித்தான். கி.மு. 418இல் நடந்த மான்டினியா போரைப் பற்றிக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதும்போது, ஸ்பார்ட்டாவின் வீரர்கள் குழலிசைக்கு ஏற்ப மெதுவாக அடியெடுத்து வைத்து நடந்தார்கள் என்கிறார். அது பக்திக்காக அல்ல, வரிசை குலையாமல் ஒரே சீராக நடப்பதற்காக என்றும் விளக்குகிறார். அதே இடத்தில் இன்னொரு நுட்பமான செய்தியையும் சொல்கிறார். ஒவ்வொருவனும் கேடயத்தை இடக்கையில் பிடித்திருப்பதால் அவனது வலப்புறம் திறந்து கிடக்கிறது. அந்த அச்சத்தில், வலப்பக்கம் நிற்பவனின் கேடயத்துக்கு அருகே அவன் ஒண்டுகிறான். எல்லோரும் அப்படியே ஒண்டுவதால் படை முழுவதும் நடக்க நடக்க வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது.

நான் பள்ளியில் வரலாறு கற்பித்த நாட்களில் இதை மாணவர்களை வைத்தே செய்து பார்த்ததுண்டு. வட்டமாக வெட்டிய அட்டைகளை இடக்கையில் கொடுத்து, எதிரே நிற்பவர்கள் துணிப்பந்து எறிய, தோளோடு தோள் சேர்ந்து மைதானத்தைக் கடக்கச் சொல்வேன். நேராக நடக்கவேண்டும் என்பது மட்டுமே கட்டளை. மறுமுனையைச் சேரும்போது வரிசை வலப்பக்கம் விலகியிருக்கும். வலது ஓரத்தில் நிற்கும் பையன்தான் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவான், ஏனென்றால் அவனுக்குப் பக்கத்தில் கேடயமே இல்லை. துசிடிடீஸும் அந்த வலது ஓரத்து மனிதனையே முதல் காரணமாகச் சொல்கிறார்.

கேடயம் அதை ஏந்தியவனுக்கு மட்டும் சொந்தமானதல்ல, பக்கத்தில் நிற்பவனுக்கும் அதில் பங்குண்டு. வரிசையை விட்டு முன்னே பாய்ந்து சுழன்று சுழன்று வெட்டும் திரை நாயகன், உண்மையான களத்தில் தன் தோழனைச் சாகக் கொடுத்தவன் ஆவான்.

சாவும் திரையில் காட்டுவதுபோல் இரு பக்கமும் சரிசமமாக விழுவதில்லை. பார்சாலஸில் தன் தரப்பில் இறந்தவர்கள் சுமார் 200 பேர், எதிர்த்தரப்பில் சுமார் 15,000 பேர் என்று சீசர் எழுதுகிறார். அவர் பக்கமே நின்று போரிட்ட பொலியோ என்பவர் எதிர்த்தரப்பு இழப்பு 6,000 என்றார். குறைவான கணக்கை எடுத்துக்கொண்டாலும் வித்தியாசம் மலைக்க வைக்கிறது. வரிசை நிற்கும்வரை சாவு குறைவு. வரிசை உடைந்து புறமுதுகு காட்டி ஓடும்போதுதான் கொலை நடக்கிறது. புறப்புண்ணை நம் முன்னோர் அத்தனை பெரிய இழுக்காகக் கருதியதன் பொருள் இந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு இன்னும் ஆழமாக விளங்கியது. ஓடுபவன் இழப்பது தன் மானத்தை மட்டுமல்ல, அருகில் நின்றவனின் உயிரையும் சேர்த்துத்தான்.

‘300’ என்ற படம் சித்திரக் கதையை ஒட்டி எடுத்த கற்பனை. ஸ்பார்ட்டா வீரர்கள் வெற்று மார்போடு போரிடுவதை வைத்து அதில் வரலாற்றுப் பிழை காண்பது நியாயமா? — ஒரு மென்பொறியாளர்

வெற்று மார்பைப் பற்றி நான் வழக்குப் பேசப்போவதில்லை. உண்மையில் அவர்கள் வெண்கலத் தலைக்கவசமும், கால்கவசமும், பலர் மார்புக் கவசமும் அணிந்திருந்தார்கள். ஆனால் பழைய கிரேக்க ஓவியர்களே நாயகர்களை ஆடையின்றித் தீட்டியவர்கள்தாம். அதை ஓவிய மரபு என்று ஏற்கலாம்.

என் குறை வேறு. விடுதலைக்காகப் போரிட்ட சுதந்திர மனிதர்கள் என்று அந்தப் படம் ஸ்பார்ட்டாவைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஸ்பார்ட்டாவின் வயல்களில் உழைத்தவர்கள் ஹெலட்டுகள் என்ற அடிமை மக்கள். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட எபோர்கள் என்ற ஐந்து ஆட்சி அதிகாரிகள் பதவியேற்றதும் அந்த மக்கள்மீது முறைப்படி போர் அறிவிப்பார்கள் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாகப் பழைய வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அப்படி அறிவித்துவிட்டால் ஹெலட் ஒருவனைக் கொல்வது பாவமாகாதாம்! படமோ அந்த எபோர்களை மலையுச்சியில் வாழும் நோய்பிடித்த பூசாரிகளாக மாற்றிவிட்டது. ஹெலட்டுகள் கதையிலேயே இல்லை. படம் காட்டும் போர் நடந்த தெர்மோபிலே கணவாயில் விழுந்து கிடந்த உடல்களில் ஹெலட்டுகளின் உடல்களும் இருந்தன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் குறிப்பிடுகிறார். அவர்களுக்கு எந்த விடுதலைக்காகச் சாவு நேர்ந்தது என்ற கேள்வி என்னை விட்டுப் போவதே இல்லை.

கி.மு. 480இல் பாரசீகப் படையைத் தடுக்க அந்தக் கணவாயில் தொடக்கத்தில் நின்ற கிரேக்கர்கள் ஏறக்குறைய 7,000 பேர். கடைசி நாளில் மற்றவர்கள் திரும்பிச் சென்ற பிறகும் தெஸ்பியே என்ற சிற்றூரின் 700 வீரர்கள் ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடஸுடனும் அவருடைய 300 வீரர்களுடனும் நின்று மடிந்தார்கள். ஸ்பார்ட்டாவில் போர்ப்பயிற்சியே வாழ்க்கை. தெஸ்பியே வீரர்களுக்கோ வயலும் தொழிலும் காத்திருந்தன. 300 என்ற எண் உலகம் முழுக்கத் தெரிகிறது, 700 யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று நமக்கு நெருக்கமான செய்தி. படத்தில் பாரசீகப் படை என்றால் காண்டாமிருகமும் யானையும் விகாரமான உருவங்களும்தான். அந்தப் படையில் யானை இருந்ததாக ஹெரோடோட்டஸ் சொல்லவில்லை. இந்தியர்கள் இருந்ததாகச் சொல்கிறார். பருத்தி ஆடை அணிந்து, பிரம்பு வில்லும், இரும்பு முனை பொருத்திய பிரம்பு அம்பும் ஏந்தி வந்தார்களாம். ஊர் ஊராக, உடை உடையாக அவர் தரும் அந்தப் படைவரிசையைப் படமாக்கியிருந்தால் எந்த விகாரமும் தேவைப்பட்டிருக்காது.

இரவுப் போர்க் காட்சிகளில் ஆயிரக்கணக்கான தீ அம்புகள் வானில் பறப்பது அழகாக இருக்கிறது. அப்படி எய்தார்களா? — ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்

தீ அம்பு உண்மை. அதை மனிதர்கள்மீது மழையாகப் பொழிவதுதான் திரையின் கற்பனை. நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அமியானஸ் மார்செல்லினஸ் தானே படைவீரராக இருந்தவர். அவர் இந்த அம்பை விளக்குகிறார்: நாணல் தண்டின் நடுவில் இரும்புப் பட்டைகளால் பின்னிய சிறு கூடு, அதற்குள் எரிபொருள். இதைத் தளர்ந்த வில்லில் மெதுவாக எய்யவேண்டும், வேகமாகப் பறந்தால் தீ அணைந்துவிடும் என்று எச்சரிக்கிறார். நீர் ஊற்றினால் இன்னும் கொழுந்துவிடும், மண்ணைப் போட்டால்தான் அணையும் என்பதும் அவர் குறிப்பு.

மெதுவாக வரும் அம்பு கேடயத்தையும் கவசத்தையும் துளைக்காது. எனவே அதன் இலக்கு மரக்கோபுரம், கப்பல், கூரை போன்றவை. ‘க்ளாடியேட்டர்’ படத்தின் தொடக்கப் போரில் காட்டுக்குள் நிற்கும் மனிதர்களை நோக்கி அவற்றை எய்கிறார்கள். இருட்டில் வரும் சாதாரண அம்பு கண்ணுக்கே தெரியாது. வீரர்கள் அஞ்சியது அதைத்தான்.

‘பென்-ஹர்’ படத்தில் நாயகனைச் சங்கிலியால் பிணைத்துத் துடுப்பு வலிக்க வைக்கிறார்களே, ரோமப் போர்க்கப்பல்களில் அடிமைகள்தாம் துடுப்பு வலித்தார்களா? — பள்ளி ஆசிரியை

1959இல் வந்த அந்தக் காட்சி உலகின் மனத்தில் அழியாமல் பதிந்துவிட்டது, அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன். ரோமப் பேரரசின் கடற்படையில் துடுப்பு வலித்தவர்கள் சம்பளம் வாங்கிய வீரர்கள். பெரும்பாலும் மாகாணங்களிலிருந்து சேர்ந்தவர்கள். 26 ஆண்டுகள் பணி முடித்தவர்களுக்கு ரோமக் குடியுரிமை கிடைத்தது. அதை உறுதிசெய்யும் வெண்கலத் தகடுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சங்கிலியில் பிணைத்த துடுப்பு அடிமை என்பது பெருமளவில் அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, மத்தியதரைக் கடலில் வந்த கொடுமை. படம் அதை எடுத்துப் பழைய ரோமின்மேல் வைத்துவிட்டது.

கிரேக்கர்களிடமும் இதுவே நிலை. ஏதென்ஸ் கப்பல்களில் துடுப்பு வலித்தவர்களில் பெரும்பகுதி அந்நகரின் ஏழைக் குடிமக்களும் கூலி பெற்ற வெளியூர்க்காரர்களும். அடிமைகளைக் கூட்டமாகக் கப்பலேற்றியது ஆபத்துக் காலங்களில்தான். கி.மு. 406இல் அர்ஜினூசே போருக்கு அப்படி ஏறியவர்களுக்கு விடுதலையே கொடுத்தார்கள்.

துசிடிடீஸிடம் ஒரு சிறு காட்சி உண்டு. கி.மு. 429இல் ஏதென்ஸின் துறைமுகத்தைத் திடீரென்று தாக்க எதிரணியினர் திட்டமிடுகிறார்கள். கப்பல்கள் வேறு கரையில் நிற்கின்றன. ஆகவே கொரிந்திலிருந்து ஒவ்வொரு மாலுமியும் தன் துடுப்பையும், உட்காரும் மெத்தையையும், துடுப்பைக் கட்டும் தோல் வாரையும் தூக்கிக்கொண்டு தரைவழியே நடக்கிறான். துடுப்பைத் தோளில் சுமந்து, மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மறுகரைக்கு நடக்கும் அந்த மனிதனைக் கற்பனை செய்து பாருங்கள். தொழில் தெரிந்தவன், தன் கருவியைத் தானே பேணுபவன்.

1987இல் கடலில் இறக்கிய ‘ஒலிம்பியாஸ்’ என்ற மாதிரிக் கப்பலில் 170 பேர் மூன்று அடுக்குகளில் அமர்ந்து துடுப்பு வலித்தபோது, இது எத்தனை கடினமான கூட்டுத்திறன் என்பது தெரிந்தது. ஒருவர் பிசகினாலும் பக்கத்துத் துடுப்பில் மோதும். சவுக்கடியால் அந்த ஒத்திசைவைக் கொண்டுவர முடியாது.

‘அலெக்சாண்டர்’ படத்தில் போரஸோடு நடக்கும் போரை அடர்ந்த காட்டில் காட்டுகிறார்கள். ஜீலம் நதிக்கரைப் போர் காட்டிலா நடந்தது? — போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்

இல்லை. இந்தியா என்றால் காடு என்ற நினைப்பில் எடுத்த காட்சி அது. போரஸ் களத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தை, அலெக்சாண்டரின் வரலாற்றை எழுதிய அரியன் தெளிவாகச் சொல்கிறார். சேறும் சகதியுமான இடங்களைத் தவிர்த்து, மணற்பாங்கான, சமமான, கெட்டியான வெளியைப் பார்த்து அங்கே தன் படையை நிறுத்தினார். முன்னால் நூறு அடிக்கு ஒன்றாக 200 யானைகள், இடையிலும் பின்னாலும் காலாட்கள், இரு ஓரங்களிலும் குதிரைகளும் தேர்களும். யானைகளுக்கு முன்னால் குதிரைகள் மிரளும் என்பதை அறிந்து, இடத்தைப் பார்த்துப் பார்த்துப் படை நிறுத்திய ஒரு தளபதியைத்தான் நாம் அங்கே காண்கிறோம். மரங்களுக்கிடையே திடீரென்று யானைகள் தோன்றும் காட்சி அந்த அறிவையே அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

அந்த வெளியில் போர் நடப்பதற்கு முந்தைய நாட்கள் அதைவிடச் சுவையானவை. கி.மு. 326, நதியில் வெள்ளம். அலெக்சாண்டர் இரவுதோறும் குதிரைப்படையைக் கரையோரம் இங்கும் அங்கும் ஓடவிட்டுப் போர்க்கூச்சல் எழுப்பச் செய்தார். போரஸும் ஒவ்வொரு முறையும் யானைகளோடு எதிர்க்கரையில் தொடர்ந்து வந்தார். நாளாக நாளாக இது வெறும் கூச்சல் என்று கண்டு வருவதை நிறுத்திக்கொண்டார். பிறகு இடியும் மழையுமான ஓர் இரவில், முகாமிலிருந்து சுமார் 27 கிலோமீட்டர் தள்ளி அலெக்சாண்டர் நதியைக் கடந்தார். கரை என்று இறங்கிய இடம் ஒரு தீவாக இருந்தது. அதையும் தாண்டி மார்பளவு நீரில் நடந்தார்கள். தடுக்க வந்த போரஸின் மகனுடைய தேர்கள் சேற்றில் சிக்கின, மகனும் மாண்டான். இந்திய வில்லாளர்கள் நீண்ட வில்லைத் தரையில் ஊன்றி எய்பவர்கள். மழையில் நனைந்த தரை வழுக்கியதால் அவர்களால் சரியாக எய்ய முடியவில்லை என்று ரோம வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ் எழுதுகிறார். மழை பொய்த்திருந்தால் அந்த நாள் வேறு மாதிரி முடிந்திருக்கவும் கூடும்.

படத்தில் அலெக்சாண்டர் இந்தப் போரிலேயே மார்பில் அம்பு தைத்து வீழ்கிறார். அந்தக் காயம் உண்மைதான், ஆனால் பட்டது பின்னர், மல்லர் என்ற இந்தியக் குடியினரின் கோட்டையைத் தாக்கியபோது. இரண்டையும் ஒன்றாக்கியதில் கதை சுருங்கியது, போரஸும் சுருங்கிப்போனார். தோள் காயத்தோடு கடைசிவரை யானைமேல் நின்ற அந்த மன்னரை இன்னும் மரியாதையாகக் காட்டியிருக்கவேண்டும்.

படங்களில் ரோமானியர்கள் அங்கவடியில் கால் வைத்துக் குதிரை ஏறுகிறார்களாமே, அது பிழையா? — ஒரு வாசகர்

பிழைதான். ஐரோப்பாவுக்கு அங்கவடி வந்தது ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளில். ரோமானியச் சேணத்தில் நான்கு மூலைகளிலும் கொம்புபோன்ற மேடுகள் இருந்தன. அவை சவாரி செய்பவரின் தொடைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. அலெக்சாண்டரின் வீரர்களுக்கு அதுவும் இல்லை, விரிப்பு மட்டுமே. ஆனால் நடிகர்களின் உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்பதால் இதைக் குற்றமாக எண்ண என் மனம் ஒப்பாது.

நீங்கள் எல்லாவற்றிலும் குறை காண்கிறீர்கள். சினிமா வரலாற்றுப் பாடமல்ல. நன்றாக எடுத்த ஒரு போர்க் காட்சியாவது உங்களுக்குத் தெரியுமா? — ஒரு திரை ரசிகர்

தெரியும், மகிழ்ச்சியோடு சொல்கிறேன். அதே ‘அலெக்சாண்டர்’ படத்தில் வரும், பாரசீகப் பேரரசரோடு நடந்த கௌகமேலா போர். ஐந்தாறு மீட்டர் நீள ஈட்டிகள் ஒன்றாகத் தாழ்வதும், தூசி எழுந்து பத்தடி தூரத்தில் நடப்பதுகூடத் தெரியாமல் போவதும், யார் வெல்கிறார்கள் என்று களத்தில் நிற்பவனுக்கே புரியாத குழப்பமும் அதில் உள்ளன. அந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்த ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றாசிரியர் ராபின் லேன் ஃபாக்ஸ் அந்தக் குதிரைப்படைப் பாய்ச்சலில் தானும் சவாரி செய்தார். ஒரே படத்தில் ஒரு போர் அத்தனை நேர்மையாகவும் இன்னொன்று அப்படியும் அமைந்தது எனக்கு ஆறாத வருத்தம்.

இரண்டாவது, ரோமை எதிர்த்து எழுந்த அடிமைகளின் தலைவரைப் பற்றி 1960இல் வந்த ‘ஸ்பார்டகஸ்’. ஸ்பெயின் ராணுவ வீரர்களையே நடக்க வைத்து எடுத்த காட்சி அது. எதிரே மலைச்சரிவில் ரோமப் படை சதுரம் சதுரமாகப் பிரிந்து, சேர்ந்து, மெதுவாக நெருங்கி வருகிறது. கத்தல் இல்லை, ஓட்டம் இல்லை. அந்த மெதுவான நடையைப் பார்த்து நிற்கும் அடிமைகளின் முகங்களில் தெரியும் அச்சத்தை எந்த வாள்வீச்சும் தந்துவிட முடியாது. படத்தின் முடிவில் ஸ்பார்டகஸைச் சிலுவையில் ஏற்றுவது மட்டும் உண்மையல்ல. அவர் போரில் வீழ்ந்தார், உடல் கிடைக்கவில்லை. சிலுவையில் ஏறியவர்கள் பிடிபட்ட 6,000 தோழர்கள்.

கதைக்காக மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸை மகன் கொம்மொடஸ் கொன்றதாக ‘க்ளாடியேட்டர்’ காட்டுகிறது. உண்மையில் மகன் 177 முதலே தந்தையோடு இணைப் பேரரசர். தந்தை 180இல் இறந்தபோது அரியணைக்குப் போட்டியே இல்லை. இருந்தாலும் தந்தை–மகன் நாடகத்துக்கு அது தேவைப்பட்டது என்று ஏற்றுக்கொள்கிறேன். கி.பி. 9இல் ஜெர்மானியக் காட்டில் மூன்று படையணிகளை முற்றாகப் பறிகொடுத்த அனுபவம் ரோமுக்கு உண்டு. அந்த ரோமின் தளபதி ஒருவர், குதிரைப்படையை அதே ஜெர்மானிய மண்ணில் மரங்களுக்கிடையே தானே ஓட்டிச் செல்வதாகக் காட்டும்போது எந்த நாடகம் வளர்கிறது? அனுபவத்தால் கற்ற மனிதர்களை அறியாதவர்களாக ஆக்கியதுதான் மிச்சம்.

‘ட்ராய்’ படத்தில் உங்கள் கண்ணில் பட்ட பிழை ஒன்றைச் சொல்லுங்கள். — பிளஸ் டூ மாணவர்

இறந்தவரின் கண்களில் நாணயம் வைப்பது. ட்ராய் போரின் காலம் என்று மரபாகச் சொல்லப்படுவது கி.மு. 1200ஐ ஒட்டியது. அந்தப் பகுதியில் நாணயம் தோன்றியது கி.மு. ஏழாம் நூற்றாண்டில், லிடியாவில்.

நீங்கள் இளையவர் என்பதால் பிழையோடு நிறுத்தாமல் தேடிப் பார்க்க ஒன்றும் சொல்கிறேன். 1960இல் கிரேக்கத்தின் டென்ட்ரா என்ற ஊரில் ஒரு கல்லறையிலிருந்து கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முழு வெண்கலக் கவசம் கிடைத்தது. கழுத்திலிருந்து தொடைவரை தகடு தகடாக இறங்குகிறது. கூடவே காட்டுப்பன்றித் தந்தங்களால் ஆன தலைக்கவசம். இதை அணிந்துகொண்டு யாரும் போரிட்டிருக்க முடியாது, சடங்குக்காகச் செய்திருப்பார்கள் என்று பலர் எண்ணினார்கள். 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, கிரேக்கக் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த 13 வீரர்கள் அதன் மாதிரியை அணிந்து 11 மணி நேரம் போர்ப் பயிற்சி செய்தார்கள். எல்லோராலும் தாக்குப்பிடிக்க முடிந்தது. அந்தக் கவசத்தின் படத்தைத் தேடிப் பாருங்கள். திரையில் பார்த்த அகிலிஸின் உடையோடு ஒப்பிட்டு, தோன்றுவதை எனக்கு எழுதுங்கள்.